எங்கள் தெருவுக்கும் எங்கள் சேகரத்துக்கும் நன்றி

கர்த்தருக்குள் அன்பான எங்கள் சேகரத்துச் சபையாருக்கும், ஜெபக்குழுவினருக்கும், பெண்கள் ஐக்கியச் சகோதரிகளுக்கும், இங்கே பட்டம்பாங் நகரில் எங்கள் தெருவில் குடியிருக்கும் அனைவருக்கும் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

ஊழியக் கடிதம் என்றால் அக்கம்பக்கத்தார் ஜெபக்குறிப்பில்தான் வருவார்கள். எதிர்வீட்டுக் குடும்பத்துக்காக ஜெபியுங்கள் என்று நாங்களும் எழுதியிருக்கிறோம், இனியும் எழுதுவோம். ஆனால் இந்த மடலில் அவர்கள் நன்றிக்குரியவர்களாக வருகிறார்கள். கம்போடியாவில் எங்கள் குடும்பம் காலூன்றியதற்கு ஊரிலிருந்து வந்த ஜெபமும் காணிக்கையும் எவ்வளவு காரணமோ, புத்த மதத்தவரான இந்தத் தெருக்காரர்களும் அவ்வளவு காரணம். இதைச் சபைக்கு முன்பாகச் சொல்ல வேண்டும் என்று நானும் பிள்ளைகளின் அப்பாவும் வெகுநாளாக நினைத்திருந்தோம். விடுப்பில் ஊருக்கு வருமுன்னே எழுதிவிடுகிறேன்.

பொதுவில் வெளியாகும் மடல் என்பதால் யார் பெயரையும் இடவில்லை. இங்கே பாட்டியை யெய் என்றும் தாத்தாவைத் தா என்றும் கூப்பிடுவார்கள். சித்தி வயதுள்ளவர் மிங், சித்தப்பா வயதுள்ளவர் பூ. நாங்கள் கூப்பிடும் முறையிலேயே எழுதுகிறேன்.

டுக்டுக் ஓட்டும் பூவிலிருந்து தொடங்குகிறேன். இந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். பாளையங்கோட்டையில் ஓட்டிப் பழகிய என் கணவருக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் கை தானாக இடப்பக்கம் இழுத்தது. பூ தம் காலைச் சவாரியை விட்டுவிட்டு, எங்கள் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். வண்டி இடப்பக்கம் சாயும்போதெல்லாம் வலது தோளில் இரண்டு தட்டு. பேச்சு ஒன்றும் கிடையாது, அப்போது அவருக்கும் இவருக்கும் பொதுவான மொழியே இல்லை. சந்தை முழுக்கச் சுற்றி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, கிராமச் சாலை வரைக்கும் தோளில் தட்டியே கற்றுக்கொடுத்தார். பெட்ரோலுக்குக்கூடப் பணம் வாங்கவில்லை.

சங்க்கே ஆற்றங்கரைக்கு அருகே, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் கட்டிய புசார் நாத் சந்தையில் கீரை விற்கும் மிங்குக்கும் நன்றி. இங்கே டாலரும் செல்லும், இந்நாட்டு நாணயமான ரியெலும் செல்லும். ஒரு டாலர் ஏறக்குறைய நான்காயிரம் ரியெல். டாலர் நோட்டின் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். மிங் என் பர்ஸை வாங்கி, கிழிந்த நோட்டுகளைத் தனியே ஒதுக்கி, இதை யாரும் உன் தலையில் கட்டிவிடாதபடி பார்த்துக்கொள் என்று சைகையாலேயே சொன்னார். இந்நாட்டு மொழியான கெமரில் எண்ணுவது ஐந்தோடு நின்று மறுபடி தொடங்கும். ஆறு என்பது ஐந்தும் ஒன்றும், ஏழு என்பது ஐந்தும் இரண்டும். வெள்ளரிக்காய்களை வரிசையாக அடுக்கி அதை எனக்குப் பாடமாக நடத்தியவர் அவர்தான். முருங்கைக்கீரையை இங்கே சம்லோ கொர்கோ என்ற குழம்பில் போடுகிறார்கள். அதைப் பார்த்ததும் என் முகம் மாறியதை எப்படியோ கவனித்துவிட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் ஒரு கட்டு எனக்கென்று தண்ணீரில் போட்டு வைத்திருப்பார். புழுங்கலரிசி கிடைக்காத ஊரில், மணமும் குழைவுமான இந்தப் பச்சரிசிச் சோற்றைத் தொட மாட்டேன் என்று அழுத என் மகன், அந்தக் கீரைக்காகத்தான் முதலில் வயிறாரச் சாப்பிட்டான்.

எங்கள் மொழி ஆசிரியைக்கு என்ன எழுதுவது! கெமர் எழுத்தில் 33 மெய்கள். அவை இரண்டு இனமாகப் பிரியும், எந்த இனத்து மெய்யோடு சேர்கிறதோ அதற்கேற்ப உயிரின் ஓசையே மாறும். ஒரு மெய்யின் அடியில் இன்னொன்று காலாகத் தொங்கும். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விட மாட்டார்கள். பல்லவர் காலத்துத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்த எழுத்துதான் இது என்று அவர் சொன்னபோது என் மகளுக்குத் தனி உற்சாகம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. நான் திணறிய நாட்களில் அவர் பாட நேரம் முடிந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார். உறவுமுறைப் பாடம் வந்த அன்று, அண்ணன், அக்கா, தம்பி என்று தம் வீட்டாரைச் சொல்லிக்கொண்டே வந்து, 1975 முதல் 1979 வரை லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட கெமர் ரூஜ் ஆட்சியில் அவர்களில் யாரெல்லாம் திரும்பவில்லை என்பதையும் அதே குரலில் சொன்னார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். தம் துக்கத்தைப் பாடத்தின் நடுவே எங்களை நம்பிச் சொன்னதற்காக அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கிராமத்துச் சபையின் மூப்பரான தா, 1979-ல் தாய்லாந்து எல்லையில் திறக்கப்பட்ட காவ் ஐ டாங் அகதி முகாமில் ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர். 1954-ல் அச்சான பழைய கெமர் வேதாகமம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறார். என் கணவர் முதன்முதலாகக் கெமரில் பிரசங்கம் செய்தபோது, ஒவ்வொரு வாக்கியத்தையும் தா திருத்தமான உச்சரிப்பில் திரும்பச் சொன்னார். மொழிபெயர்ப்பாளரே வேண்டாம் என்று சபையில் நிறுத்தியவரும் அவர், தடுமாறிய இடமெல்லாம் கைகொடுத்தவரும் அவர்.

இனி எதிர்வீட்டு யெய். இந்த மடலே முக்கியமாக அவருக்காகத்தான்.

மழைக்காலத்தில் என் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு கிளினிக்கில் காட்டினோம், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நான்காம் நாள் உடம்பு சுடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, நான் கஞ்சி வைக்கப் போய்விட்டேன். யெய் பார்க்க வந்தவர் நெற்றியைத் தொடவில்லை, நேராகப் பாதத்தைத் தொட்டார். சில்லிட்டிருந்தது. வயிற்றை மெல்ல அழுத்தினார், பிள்ளை துடித்தான். உடனே வாசலுக்குப் போய்ப் பூவைச் சத்தமிட்டுக் கூப்பிட்டார். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாட்கள்தான் ஆபத்தானவை என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பேரன் அந்த நாட்களைக் கடந்து பிழைத்தது சியம் ரீப் நகரின் ஏழாம் ஜெயவர்மன் மருத்துவமனையில். சுவிட்சர்லாந்து மருத்துவர் பேயாட் ரிக்னர் உண்டாக்கிய காந்தா போப்பா மருத்துவமனைகளில் அது ஒன்று, 1999-லிருந்து பிள்ளைகளுக்கு இலவசமாகவே வைத்தியம் செய்கிறது. அங்கே பேரனுக்குப் பக்கத்தில் தரையில் படுத்திருந்து கற்றதை யெய் என் பிள்ளைக்குச் செய்தார்.

பட்டம்பாங்கிலேயே பெரிய மருத்துவமனையில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். தட்டணுக்கள் மறுபடி ஏறும்வரை யெய் வீட்டுக்குப் போகவில்லை. கிராமா என்கிற தம் தோள்துண்டை நனைத்துப் பிழிந்து அவன் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே இருந்தார். நாங்கள் முழங்காலில் நின்று ஜெபித்தபோது அவர் எழுந்து போகவும் இல்லை, எங்களோடு சேர்ந்ததாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை. பிள்ளையின் கையைப் பிடித்தபடி காத்திருந்தார். கர்த்தர் அன்று எங்கள் ஜெபத்தைக் கேட்டார் என்று சாட்சி சொல்கிறேன். யெய்யைக் கொண்டு கேட்டார் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அந்த வருடம் பிச்சும் பென் வந்தது. நம் நாட்டில் மகாளய பட்சம் வரும் காலத்தையொட்டி, இறந்த முன்னோருக்காக இங்கே 15 நாள் கோயிலுக்கு உணவு கொண்டுபோவார்கள். தெருவெங்கும் வாழையிலையில் கட்டிய ஆன்சோம் என்ற அரிசிப் பலகாரம் வேகும் மணம். படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை என்று யெய்யிடம் எப்படிச் சொல்வது, மனம் நோகுமே என்று நானும் கணவரும் இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். விடிவதற்கு முன்பே அவரே வந்தார். கையில் ஒரு சிறு கூடை. இது கோயிலுக்கு எடுத்துவைத்ததற்கு முன்னால் தனி அடுப்பில் வேகவைத்தது, உங்கள் வீட்டுக்கென்றே, வாழைப்பழம் வைத்தது பிள்ளைகளுக்கு என்றார். மற்றவற்றோடு கலந்துவிடாதிருக்க இந்தக் கட்டுகளுக்கு மட்டும் சிவப்பு நூல் சுற்றியிருந்தார். எங்கள் விசுவாசத்தை அவர் ஏற்றுக்கொண்டவர் அல்லர். அதற்கு இடம்விட்டு அடுப்பு மூட்டியவர்.

நான் இடையன்குடிக்குப் பக்கத்தில் பிறந்தவள். 1841-ல் அங்கே வந்த மிஷனெரி கால்டுவெல் ஐயரைப் பற்றியும், நாகர்கோவிலில் வளர்ந்து அவருக்கு வாழ்க்கைப்பட்ட எலைசா அம்மையாரைப் பற்றியும் ஞாயிறு பள்ளியில் கேட்டு வளர்ந்தேன். அவர்கள் செய்ததெல்லாம் மனப்பாடம். அந்தச் செம்மண் தேரியில் அவர்களுக்கு நல்ல தண்ணீர்க் கிணற்றைக் காட்டியவர் யார், கருப்பட்டியும் பயறும் கொண்டுவந்து வாசலில் வைத்த பெண் யார், அவர்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் கூடவே விழித்திருந்தவர் யார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நானும் கேட்டதில்லை. எங்களுக்கு இப்படிச் செய்தவர்களின் செயல்களையாவது எழுத்தில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கே வந்தபின்தான் பிறந்தது.

ஊருக்கும் கடன் இருக்கிறது. பெண்கள் ஐக்கியச் சகோதரிகளே, ஒவ்வொரு வேளையும் உலையில் போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை மிஷனெரிப் பானையில் போட்டுச் சேர்த்ததில்தான் எங்கள் வீட்டு வாடகையின் ஒரு பங்கு வருகிறது. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தெலுங்கு நாட்டு டோர்னக்கலுக்கு நம்மவர்களை அனுப்பிய காலத்திலிருந்தே நம் சபைகளுக்கு இந்தக் கொடுக்கும் கை உண்டு. அத்தை, நீங்கள் அனுப்பிய இட்லிப்பொடியும் சுக்குக் கருப்பட்டியும் இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறது.

என் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது நான் வந்து சேர முடியவில்லை. சபை வாலிபர்கள் பந்தல் போட்டார்கள், பெட்டி சுமந்தார்கள். போதகர் ஐயரவர்கள் அடக்க ஆராதனையை என் பொருட்டு ஒரு மணி நேரம் தள்ளிவைத்தார்கள். சித்தி மகன் வெயிலில் போனைப் பிடித்தபடி நின்றான், அவன் கை நடுங்கியது எனக்குத் தெரிந்தது. பெரியம்மா, அம்மாவோடு அந்த மாதம் முழுக்கத் தங்கியிருந்தீர்கள். மகள் நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். அதே நாளில் இங்கே யெய் வெள்ளைச் சட்டை அணிந்து வந்து, மாலைவரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கு ஊரில் இருப்போம், எல்லோரையும் நேரில் பார்க்கிறோம். திரும்பிப் போகும்போது கொண்டுபோக என்ன வேண்டும் என்று ஜெபக்குழுவினர் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். யெய் வீட்டில் எல்லோரும் தரையில் பாய் விரித்துத்தான் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். முடிந்தால் நல்ல பத்தமடைப் பாய் ஒன்று வாங்கி வையுங்கள், அகலமானதாகப் பார்த்து. வீட்டில் பேரப்பிள்ளைகள் அதிகம்.

இப்படிக்கு,
பட்டம்பாங்கிலிருந்து உங்கள் மகளும் மருமகனும் பிள்ளைகளும்