ஞாயிறு பயிற்சி: இந்த முறை இறக்கம்தான்

மலையோட்டக் குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 6 மணிக்குத் தொட்டபெட்டா சந்திப்பில் கூடுகிறோம். சிகரம் 2,637 மீட்டர். ஏற்றத்தில் யாரும் வீரம் காட்ட வேண்டாம், வேகமாக நடந்தால் போதும். நெடுந்தூர மலையோட்டத்தில் செங்குத்தான ஏற்றங்களைத் தேர்ந்த வீரர்களே பெரும்பாலும் நடந்துதான் கடக்கிறார்கள்.

நமக்கு வேலை இறக்கத்தில்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. அதில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கவே முனக வேண்டியிருக்கும். ஆனால் ஒருமுறை வலித்த தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் குறைந்த வலியோடு செய்துவிடும். எனவே போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இந்த வலியை வாங்கிக்கொள்வது லாபம். காலை எட்டிப் போடாமல், சிறு அடிகளாக விரைவாக வையுங்கள். குதிகாலை முன்னே நீட்டி பிரேக் போடாதீர்கள், முழங்கால் கேள்வி கேட்கும்.

சோலைக்குள் குறுக்குவழி தெரியும் என்று யாரும் கிளம்ப வேண்டாம் (யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்). வனத்துறை அனுமதியின்றிக் காட்டுத்தடத்தில் கால் வைப்பதில்லை. 2018-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தது நினைவிருக்கும். காட்டெருமை நின்றால் நாமும் நின்றுவிடுவோம்.

பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்கு நீலகிரி மாவட்டத்தில் தடை என்பதால் ஸ்டீல் பாட்டில் கொண்டுவாருங்கள். கடலை மிட்டாய் என் பொறுப்பு. வருகிறவர்கள் சனி இரவுக்குள் பெயர் பதியவும்.