பதில் வரும்வரை கொஞ்சம் காத்திருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு அன்பர் எழுதியிருந்தார். பராமரிப்பு இல்லங்களில் கிடக்கும் நோயாளிகளை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது, எல்லாரும் இருந்தும் யாரும் இல்லாதவர்கள் அவர்கள் என்று. நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். அதைப் பக்கத்துக் கட்டில் சாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், சர்க்கரையில் பார்வை போய்விட்டது. முழுசும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு நீங்கதான் பதில் எழுதணும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

இடது கையால் எழுதுகிறேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. சொல் வராத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, மறுநாள் அந்தச் சொல் வந்ததும் நிரப்பியிருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 69. சொந்த ஊர் சேர்மாதேவி. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் என்று பேர் இருந்த காலத்தில், 1984இல் நடத்துநராகச் சேர்ந்து 2014இல் ஓய்வு பெற்றேன். முக்கால்வாசி வருஷம் திருநெல்வேலி ஜங்ஷன் – பாபநாசம் தடம்தான்.

2022 ஜனவரியில் ஒரு விடிகாலை, காப்பி டம்ளர் வலது கையை விட்டு நழுவியது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. பேச்சு குழறியது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து வீட்டில் தைலம் தேய்த்தார்கள். கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று நானும் சைகை காட்டினேன். மத்தியானம்தான் 108க்குப் போன் செய்தார்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அந்த நேரம் எப்போதோ கடந்திருந்தது. இதை யார் மேலும் குறையாகச் சொல்லவில்லை. முகம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே கிளம்ப வேண்டும் என்பது இதை வாசிக்கிற ஒரு வீட்டுக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மூளையின் இடது பக்கம் அடிபட்டதால் வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சும் சேர்ந்து போனது. பேசுவது எல்லாம் புரியும், பதில் மட்டும் வாய்க்கு வராது. ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் 19 நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வந்து கால் அசைக்கக் கற்றுக் கொடுத்தார். அவருக்கு என் வணக்கம்.

ஆனால் வீட்டில் முடியவில்லை. நான் 80 கிலோ. என் மனைவிக்கு முட்டி தேய்மானம். என்னைப் புரட்டிப் புரட்டி அவள் இடுப்பும் போனது. அப்படியும் என் முதுகில் ரூபாய்க் காசு அளவுக்குப் படுக்கைப்புண் வந்துவிட்டது. இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. எனக்கு விழுங்கும் சக்தி குறைந்திருந்ததால் பச்சைத் தண்ணீர் கொடுக்கவே கூடாது, கஞ்சி பதத்தில் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்திரை வெயிலில் நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பொறுக்காமல் அவள் ஒரு மடக்கு கொடுத்துவிட்டாள். அது நுரையீரலுக்குப் போய்க் காய்ச்சலாகி, மறுபடியும் ஆஸ்பத்திரியில் 11 நாள். அந்தப் பதினொரு நாளும் அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதற்கப்புறம்தான் மகனும் மகளும் பேசி, பாளையங்கோட்டையில் இருக்கும் இந்த இல்லத்தில் 2022 ஆகஸ்டில் சேர்த்தார்கள். என் பென்ஷனில் பாதிச் செலவு, மீதி மகன் கொடுக்கிறான். என்னைத் தள்ளிவிட்டார்கள் என்று நானும் அன்றைக்கு நினைத்தேன். வந்த வாரத்தில் ஒரு நாள் இடது கையால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தேன். ரசம் சுவரெல்லாம் வழிந்தது. துடைத்துவிட்டு இன்னொரு தட்டு கொண்டுவந்தது, முக்கூடல் பக்கத்துப் பிள்ளை ஒன்று. இங்கே பராமரிப்பு வேலை பார்க்கிறது. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

அந்தப் பிள்ளைதான் ஒரு நாள் காலையில் பால் கொண்டுவந்து, "தாத்தா, நீங்க பாபநாசம் பஸ் கண்டக்டராமே. எங்க ஆச்சி ஊருக்கு அந்த பஸ்லதான் போவோம். ஜங்ஷன்ல எடுத்தா அடுத்து எங்க நிக்கும்?" என்று கேட்டது.

கேட்டுவிட்டு நின்றது. மற்றவர்கள் கேட்டால் உடனே அவர்களே பதிலும் சொல்லிவிடுவார்கள். இல்லையென்றால் "சரி சரி, சிரமப்படாதிய" என்று தோளைத் தட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இது நகரவில்லை. கையில் பால் தம்ளரோடு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பாலில் ஆடை படிந்து, சுருங்கி ஓரத்தில் ஒட்டிக்கொண்டதைப் பார்த்தேன். அப்போதுதான் "டவுன்" என்று என் வாயிலிருந்து வந்தது. அதற்கப்புறம் நான் நினைக்காமலே வந்தது. பேட்டை, சுத்தமல்லி விலக்கு, பத்தமடை, சேர்மாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பை, வி.கே.புரம், பாபநாசம். கடைசி ஊரைச் சொன்னதும் அந்தப் பிள்ளை விசில் அடிப்பது போல் வாயைக் குவித்து ஊதியது. எட்டு மாசமாக ஊமையாகக் கிடந்த நான் வாய்விட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் அம்மா பிறகு விளக்கினார். ஒன்று, இரண்டு எண்ணுவது, கிழமைகள், சாமி பாட்டு என்று வருஷக்கணக்காக வாயில் பழகிய வரிசைகள் இந்த மாதிரி நோயிலும் முதலில் திரும்பி வருமாம். அதை வைத்துப் பேச்சு முழுசும் வந்துவிட்டது என்று எண்ணக் கூடாது, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம் என்றார். அது உண்மைதான். அந்த வியாழக்கிழமை என் மனைவி வந்தபோது அவள் பேரைச் சொல்லப் பார்த்தேன், வரவில்லை. 40 வருஷம் கூப்பிட்ட பேர். கண்ணை மூடிக்கொண்டு ஜங்ஷனிலிருந்து ஆரம்பித்தேன். சேர்மாதேவி வந்ததும் நிறுத்திவிட்டு அவளைக் கையால் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "ஆமா, அங்க இருந்துதான் வாரேன்" என்றாள்.

அவள் வாரம் மூன்று தடவை டவுன் பஸ்ஸில் வருகிறாள். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு தடவைதான் முடிந்திருக்கும். அந்தப் பயணத்துக்கும் நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன்.

அந்த அக்டோபரில் எனக்கு மறுபடியும் விழுங்கும் சோதனை வைத்தார்கள். கரண்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர். தாடையை நெஞ்சோடு சேர்த்து விழுங்கச் சொன்னார்கள். பிறகு "ஆ" சொல்லச் சொல்லி, குரல் ஈரமாகக் கரகரக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்கள். இல்லை. அடுத்து இரண்டு கரண்டி. இருமல் வரவில்லை. இனிமேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள். நர்ஸம்மா டம்ளரை நீட்டினார். நான் தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். என்னவோ ஏதோ என்று பதறிவிட்டார்கள். சுவரில் இருந்த காலண்டரில் வியாழக்கிழமையைத் தொட்டுக் காட்டினேன்.

வியாழக்கிழமை என் மனைவி டம்ளரைக் கையில் வாங்கவே பயந்தாள். கை நடுங்கி, தண்ணீர் விளிம்பில் தளும்பியது. நான் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மடக்கு. நாக்கில் பட்டு, தொண்டையில் இறங்கி, நெஞ்சுக்குள் குளிர்ந்துகொண்டே போனது. பத்து மாசம் கழித்துத் தாமிரபரணித் தண்ணீர். இரண்டு பேரும் இருமலுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. அவள் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். ஏப்ரலில் அவள் மனசில் ஏறிய பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது.

எங்களை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது என்று எழுதிய அன்பருக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன். ஒரு டம்ளர் தண்ணீரில் இவ்வளவு இருக்கிறது என்று, ஆரோக்கியமாக இருந்த 65 வருஷமும் எனக்குத் தெரியாது.

கஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை. வலது கை இனி வராது. அடிக்கடி ஒரு கட்டில் காலியாகிறது, மெத்தையை வெயிலில் போடுகிறார்கள், அந்த ஒரு வாரம் யாரும் அதிகம் பேசுவதில்லை. பெண்கள் பகுதியில் ஒரு அம்மா இருக்கிறார், 40 வருஷம் பீடி சுற்றியவர். இப்போது நடுக்குவாதம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி சுற்றுவது போலவே ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும். யாராவது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் முகத்தில் ஒரு தெளிவு வரும்.

காலை ஆறரைக்கு உங்கள் பத்திரிகை வந்துவிடும். வாத்தியார் சாருக்கு நான் சத்தமாக வாசிக்க வேண்டும். எனக்கு அது பேச்சுப் பயிற்சி, அவருக்கு அது பேப்பர். முதலில் அணை நிலவரம்தான் கேட்பார். பாபநாசம் அணை 143 அடியில் இன்றைக்கு எவ்வளவு, மணிமுத்தாறு 118 அடியில் எவ்வளவு. எனக்கு எண்கள் இன்னும் தடுக்கும். "நூற்று" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவேன். அவர் எடுத்துக் கொடுக்க மாட்டார். சுவரில் சாய்ந்து பேசாமல் இருப்பார். முதல் பக்கம் முடிய ஒரு மணி நேரம் ஆகிறது. அவருக்குக் கோபமே வந்ததில்லை. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமையல்கார அம்மா சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்பு வைப்பார், இஞ்சிப் பச்சடியோடு. முதல் நாள் ராத்திரியே எங்கள் அறையில் அதைப் பற்றித்தான் பேச்சு.

2023 டிசம்பர் 17, 18 ராத்திரிகளை நம் ஜில்லாவில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய, செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன அந்த நேரம். எங்கள் இல்லம் மேட்டில் இருப்பதால் தண்ணீர் உள்ளே வரவில்லை. கரண்ட் போய்விட்டது. மாற்று ஆள் வர முடியவில்லை. ஆற்றோரத்தில் வீடு இருந்த ஒரு பிள்ளை, தன் வீட்டில் தண்ணீர் ஏறிவிட்டது என்று போனில் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து நின்றது. பிறகு செல்போன் வெளிச்சத்தில் வந்து எங்களை ஒவ்வொருவராகப் புரட்டிப் போட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டாவிட்டால் புண் வந்துவிடும். மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தேன், கட்டில் காலில் தொங்கும் அட்டையில் 10, 12, 2, 4 என்று ஒரு நேரம் விடாமல் கையெழுத்து. பஸ் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ராத்திரியில் இப்படி ஒரு அட்டையைப் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை என் கண்ணுக்குக் குலசாமிதான்.

இப்போது வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்று நிறையப் பேர் எங்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். அவர்கள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறோம். ஆனால் பரிமாறி, போட்டோ எடுத்து, கும்பிட்டுவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறீர்கள். தயவுசெய்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஒரு ஆள் பக்கத்தில் பத்து நிமிஷம் உட்காருங்கள். "இவர் சாப்பிடுவாரா?" என்று எங்கள் தலைக்கு மேலே பிள்ளைகளிடம் கேட்க வேண்டாம், எங்களிடமே கேளுங்கள். எந்த ஊர், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பதில் வர நேரம் ஆகும், ஆனால் வரும். எங்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளிடமும் பேர் கேட்டு ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

பின்குறிப்பாக ஒன்று. நான் ஓய்வு பெற்ற பிறகு பாபநாசம் தடத்தில் புதிதாக எந்தெந்த இடத்தில் பஸ் நிற்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. என் வரிசை 2014இலேயே நிற்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து யாராவது எங்கள் இல்லத்துக்கு வந்தால் எனக்குச் சொல்லுங்கள். சாயங்காலம் நாலு மணியிலிருந்து நான் வராந்தாவில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர்,
பாளையங்கோட்டை