எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள்

மதுரைக்குப் போக்குவரத்துத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வீடு செக்கானூரணியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. மெயின் ரோட்டில் ஏறினால் பெரியார் பஸ் நிலையம் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். முக்கால் மணி நேரப் பயணம் என்று சொல்லிவிடுவீர்கள். ஒன்பதரைக்குக் கடையில் கையெழுத்துப் போட நான் வீட்டுப் படியிறங்குவது ஏழரைக்கு.

ரோட்டுக்கு நடை இருபது நிமிஷம். அப்புறம் நிற்பது. தேனி, உசிலம்பட்டி வண்டிகள் வரத்தான் செய்கின்றன. அவற்றில் டிக்கெட் எடுக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து பெண்களான எங்களுக்குக் கட்டணம் இல்லை என்பது சாதாரண டவுன் பஸ்ஸில். அதைக் குறை சொல்ல மாட்டேன், மகளின் டியூஷன் காசு அந்த மிச்சத்தில்தான் போகிறது. ஆனால் அதற்காக வருகிற வண்டியையெல்லாம் விட்டுவிட்டு நிற்கிறோமே, அந்த நேரம் யாருடைய கணக்கில் ஏறுகிறது?

எங்கள் பஸ்ஸில் பூ விற்கும் அக்கா ஒருவர் வருவார். உட்கார இடம் கிடைத்தால் மடியில் ஈரத்துணியை விரித்து, உதிரி மல்லியைக் கட்டிக்கொண்டே வருவார். நாகமலை புதுக்கோட்டைக்குள் ஒரு முழம், காளவாசலுக்குள் மூன்று. ஒருநாள் காளவாசல் சிக்னலில் மாட்டிக்கொண்டபோது நாலரை முழம் ஆகிவிட்டது. சரத்தைத் தூக்கிக் காட்டி, "இன்னைக்கு உனக்கு அரை நாள் சம்பளம் போச்சுடி" என்றார். பத்து நிமிஷம் தாண்டினால் எங்கள் கடையில் அரை நாள் பிடித்தம். அன்றைக்கும் பிடித்தார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்கு எவ்வளவு தூரம், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். விவசாயமும் வீட்டுத்தொழிலும் செய்கிறவர்கள் அந்தப் பயணக் கணக்கில் இல்லை. எவ்வளவு நேரம் என்ற கேள்வியே கிடையாது. அதே 2011 தலைக்கணக்கை வைத்துத்தான், மெட்ரோ ரயிலுக்கு வேண்டிய 20 லட்சம் பேர் மதுரையில் இல்லையென்று, திருமங்கலம் – ஒத்தக்கடை மெட்ரோ திட்ட அறிக்கை 2025 நவம்பரில் மத்திய அரசிடமிருந்து திரும்பி வந்தது. மெட்ரோ வந்தாலும் தேனி ரோட்டுக்காரியான எனக்கு அது வழியில்லை, அது வேறு கதை. ஆனால் பகல் முழுக்க மதுரையில் நின்றுவிட்டு, தூங்க மட்டும் ஊருக்குப் போகிற என்னை அந்தத் தலைக்கணக்கில் எங்கே வைத்தார்கள்? உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலத்திலிருந்து தினம் வந்து போகிறவர்களை எங்கே வைத்தார்கள்?

ரயிலைப் பிடிக்கலாமே என்பீர்கள். அகலப்பாதை வேலைக்காக 11 வருஷம் நின்றிருந்த தேனி ரயில், 2022 மே மாதம் மறுபடி ஓடியது. உசிலம்பட்டியில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பாசஞ்சர் காலையில் மதுரையிலிருந்து கிளம்பிச் சாயங்காலம் திரும்புகிறது. நாங்கள் மதுரைக்கு வரும் நேரத்தில் அது எதிரே போகும்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027இல் வருகிறது. தூரத்தோடு நேரத்தையும் கேட்கச் சொல்லி இங்கிருந்து எழுதுங்கள். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். ஒரு வாரம், காலை எட்டிலிருந்து பத்து வரை பெரியாரிலும் மாட்டுத்தாவணியிலும் ஆரப்பாளையத்திலும் ஆள் நிறுத்தி, இறங்குகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டை விட்டு எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" ராத்திரி கடை அடைத்த பிறகும் ஒருமுறை வாருங்கள். டவுன் பஸ் வருமா, ஷேர் ஆட்டோவுக்குக் காசு சேர்க்கலாமா என்று நாங்கள் நாலைந்து பேர் பேசிக்கொண்டு நிற்போம்.

அந்தப் பூக்கார அக்காவிடமும் கேளுங்கள். முழத்தில்தான் சொல்லுவார். நிமிஷமாக மாற்றிக்கொள்வது உங்கள் பாடு.

இப்படிக்கு,
தேனி ரோட்டுப் பயணி