பாய் விரித்தது சிட்னியில் மட்டும்தானா?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு,

ஞாயிறு மலரில் சிட்னி துறைமுகத்துப் பழைய பாய்மரப் பந்தயப் படங்கள் பார்த்தேன். படங்கள் அருமை. ஆனால் கீழே ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, ‘கடலைப் பிழைப்பாக மட்டுமே பார்த்த நமக்கு இந்த ரசனையெல்லாம் ஏது’ என்று, அது இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

எழுதியவர் தூத்துக்குடி பழைய துறைமுகம் பக்கம் எட்டியாவது பார்த்திருப்பாரா? எங்க அப்பா பாய்மரச் சரக்குத் தோணியில் தண்டல், அதாவது தோணியை நடத்துகிற தலைவர். உப்பும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தவர். சரக்கு இறக்கிய தோணிகளில் ஈரப் பாயைக் காய ஏற்றிக் கட்டியிருப்பார்கள், கித்தானில் ஒட்டுப் போட்ட இடமெல்லாம் வேறு வேறு நிறத்தில் தெரியும், அந்த ஒட்டை வைத்தே எது யார் தோணி என்று பயல்கள் நாங்கள் சொல்லிவிடுவோம். கச்சான் என்கிற மேல்காற்றுக்கு இரண்டு தோணி சேர்ந்து கிளம்பினால் முயல் தீவை முதலில் தாண்டுவது எது என்று கரையில் பந்தயம் கட்டுவார்கள். பந்தயம் என்ன பெரிய பந்தயம், டீயும் வடையும்தான். இது ரசனையில் சேராதோ?

சிட்னியிலும் அது துரைமார் விளையாட்டு மட்டும் இல்லை. 18 அடிப் படகுகளில் துறைமுகக் கூலிகளும் படகு கட்டும் தச்சர்களும் ஏறி ஓட்டினார்கள். 1891ல் பந்தயச் சங்கம் தொடங்கிய ஜவுளிக்கடைக்காரர் மார்க் ஃபாய், பாயில் வண்ணக் குறி போட வைத்ததே, ஃபெர்ரியில் நின்று பார்க்கிற சனத்துக்கு எது எந்தப் படகு என்று தெரியட்டும் என்றுதான். உங்களுக்குத் தெரியாததா! தெரிந்துதானே ‘1920ஆம் ஆண்டுப் படம்’ என்று போட்டு, பின்னால் ஹார்பர் பாலத்தையும் முழுசாக நிறுத்தியிருக்கிறீர்கள். பாலம் திறந்ததே 1932ல்.

சரி, சிட்னி தூரத்து ஊர், விடுங்கள். போன வருஷம் வ.உ.சி. பிறந்தநாளுக்கு சுதேசிக் கப்பல் கட்டுரையோடு, தூத்துக்குடி என்று சொல்லி கொச்சிப் படத்தைப் போட்டீர்கள். சீன வலை பளிச்சென்று தெரிகிறது! கடிதம் எழுதினேன், பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. 1986ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்ததில் இருந்தே உங்கள் நெல்லைப் பதிப்பில் எங்க ஊருக்கு மீன் விலையும் விபத்துச் செய்தியும்தான், பனிமய மாதா தங்கத்தேர் ஓடினால் மட்டும் கால் பக்கம்.

அதே கட்டுரைக்காக, பழைய படங்கள் இருந்தால் அனுப்புங்கள் என்று அறிவிப்புப் போட்டீர்கள். அதை நம்பி அப்பாவின் தோணிப் படத்தை அனுப்பிவைத்தேன். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். ஓரம் கரையான் அரித்திருக்கும், பின்பக்கம் பென்சிலில் தோணியின் பெயர் இருக்கும். நீங்கள் அச்சிட வேண்டாம், தேடி எடுத்துத் திருப்பி அனுப்பினால் போதும். தபால்தலை ஒட்டி விலாசம் எழுதிய கவரை இத்துடன் வைத்திருக்கிறேன், உங்களுக்கு ஒரு செலவும் இல்லை.

இப்படிக்கு,
தண்டல் மகன் ஒருவன்,
பாளையங்கோட்டை.