கணக்குக் கேட்கச் சொல்லிக்கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உங்கள் மலைப்பக்கம் போன் பாதிப் பேச்சில் கட்டாகிவிடுகிறது, அதனால்தான் கடிதம். பென்னாகரம் பக்கத்து உன் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நன்னெறி வகுப்பு எடுக்கச் சொல்லி, அடக்கம், பொறுமை, நேர்மை, பெரியவர் சொல் கேட்பது என்று தலைப்பும் கொடுத்திருக்கிறார்கள் என்றாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். விடிகாலையில் தண்ணீர் தூக்கி, தம்பியைக் குளிப்பாட்டி, சோறாக்கி வைத்துவிட்டு வகுப்புக்கு வருகிறவளுக்கு நீ என்னடி பொறுமையைச் சொல்லிக்கொடுக்கப் போகிறாய்? அது அவளிடம் தேவைக்கு மேலேயே கிடக்கிறது.

1991-ல் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க அறிவொளி இயக்கம் வந்தபோது நான் தொண்டராகப் போனது உனக்குத் தெரியும். கல்லுடைக்கிற பெண்கள் வேலை முடிந்து ராத்திரியில் அரிக்கேன் வெளிச்சத்தில் வந்து உட்காருவார்கள். அந்த இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகிய கதையைத்தான் எல்லாரும் சொல்வார்கள் (லேடீஸ் சைக்கிள் பற்றாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள், பாரில் பிள்ளையை உட்காரவைக்க அதுதான் வசதி என்றும் சொன்னார்கள்). எனக்கு மனசில் நிற்பது வேறு. எழுத்துக்கூட்டப் பழகிய சூட்டோடு ஒரு அக்கா மேஸ்திரியின் கூலி நோட்டை வாங்கி, வரிக்கு வரி விரலை வைத்துப் படித்து, "என் ரெண்டு நாள் எங்கே?" என்று கேட்டார். சத்தமே போடவில்லை, பதில் வரும்வரை நோட்டையும் கொடுக்கவில்லை. பிறகு அதே மாவட்டத்தில் கல்குவாரிகளையே பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள்.

இப்போதும் பரீட்சை முடிந்தால் ஊருக்குள் மில் புரோக்கர் வந்துவிடுகிறான், அதுவும் அப்பா இல்லாத வீடாகப் பார்த்து. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி நூல் மில்லில் வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை, அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பேர் வேறு! நம் தெருப் பெண் ஒருத்தி தவணை முடியக் கொஞ்ச நாள் இருக்கையில் உடம்பு முடியாமல் திரும்பினாள், மொத்தத் தொகை கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்குப் போனாள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் என்ன ஒழுக்கம் குறைந்தது?

தலைப்புக்காக ஹெட்மாஸ்டரிடம் சண்டைக்குப் போகாதே. நேர்மை என்று இருந்தால் கூலிக் கணக்கை வைத்து நடத்து, முதலாளிக்கும் நேர்மை உண்டுதானே. பெரியவர் சொல் என்று வரும்போது, 18 வயதுக்கு முன்னால் கல்யாணம் பேசினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடலாம் என்பதையும் சேர்த்துச் சொல். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், 2022-லிருந்து வருகிறது, அந்த பாஸ்புக் அவள் கையில் இருக்கவேண்டும், அண்ணன் சட்டைப்பையில் அல்ல. அப்புறம் பையன்களையும் அந்த வகுப்பில் உட்காரவை, சோறாக்குவதும் தண்ணீர் தூக்குவதும் யார் வேலை என்று அவர்களும் பேசட்டும்.

சடங்கு ஆனதிலிருந்து ஒருத்தி வரவில்லை என்றாயே, அவள் வீட்டுக்குப் போனாயா? தனியாகப் போகாதே, அந்த ஊரில் நாலு பேர் மதிக்கிற பாட்டி யாரையாவது கூட்டிக்கொண்டு போ, முதலில் அவள் அம்மாவிடம் பேசு. என்ன சொன்னார்கள் என்று எழுது.

அம்மா