சைக்கிள் பயணம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். பருவம் முடியப் போகிறது. தேர்வுகள் நல்லபடியாக நடந்தன. விடைத்தாள்கள் அடுத்த வாரம் பிள்ளைகள் கைக்கு வரும். விளையாட்டு விழாவும் அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தேறின. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி இரண்டிலும் பரிசுகள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளுக்காக நிதி திரட்டும் நம் சைக்கிள் பயணத்துக்கு வருகிறேன். மறைப்பானேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

மொத்தம் 60 கிலோமீட்டர். 9, 10, 11ஆம் வகுப்புகளிலிருந்து 46 பேர் பெயர் கொடுத்து, சில மாதங்களாக தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகி வருகிறார்கள். போன சனிக்கிழமை 40 கிலோமீட்டர் ஒத்திகை. முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர், கடைசியில் முதலுதவிப் பெட்டி, பஞ்சர் சாமான்கள், தண்ணீருடன் பள்ளி வேன். ஏற்பாட்டில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பாதி தூரத்துக்குள் ஏழெட்டு பைக்குகளும் இரண்டு கார்களும் வரிசையோடு சேர்ந்துகொண்டன. எல்லாம் நம் பெற்றோர்கள்.

ஒரு பைக்கிலிருந்து தண்ணீர் பாட்டில் நீண்டது. மாணவன் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து அதை வாங்கினான். அந்த நொடியில் அவனுடைய முன்சக்கரம், முன்னால் போனவனின் பின்சக்கரத்தில் உரசியது. இப்படி உரசினால் முன்னால் போகிறவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பின்னால் வருபவனுக்குத்தான் ஹேண்டில் கைவிட்டுப் போகும். அவன் விழ, அவன்மேல் இன்னொருவன் விழுந்தான். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. இருவர் தலையிலும் ஹெல்மெட் சரியாக, புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில், வார் இறுக்கிப் போட்டிருந்ததும் காரணம்.

இன்னொன்றும் நடந்தது. 28ஆவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டு ஒரு பையன் வேனில் ஏறினான். வீட்டிலிருந்து உடற்கல்வி ஆசிரியருக்கு அழைப்பு: "இறங்கி ஓட்டச் சொல்லுங்க சார், எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கோம்." பையன் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டே கேட்டான்: "சார், பாதியில நின்னா காசு தர மாட்டாங்களா?"

அந்தக் கேள்விக்கு நானும் பொறுப்பு. 'கிலோமீட்டருக்கு இவ்வளவு' என்று நன்கொடைப் படிவத்தை அச்சடித்தது நாங்கள்தான். அதை மாற்றிவிட்டோம். இனி மொத்தத் தொகையை மட்டும் எழுதினால் போதும். முன்பே எழுதிக் கொடுத்தவர்களிடம் பள்ளியே பேசிக்கொள்ளும்.

கனடாவின் டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிக் காலை வழிபாட்டில் பிள்ளைகளிடம் சொன்னேன். எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்தவர். 1980இல் செயற்கைக் காலுடன் நாட்டின் குறுக்கே ஓடி, கனடியர் ஒவ்வொருவருக்கும் ஒரு டாலர் என்ற கணக்கில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி சேர்க்க நினைத்தார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது; ஓட்டம் அங்கேயே நின்றது. மறுகரைக் கடலை அவர் எட்டவே இல்லை. ஆனால் 1981 பிப்ரவரிக்குள் 2.4 கோடி டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. அன்றைய கனடாவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். வேனில் ஏறிய பையன் முன்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆகவே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பயண நாளன்று எந்தப் பெற்றோரின் வாகனமும் வரிசைக்கு முன்னாலோ, பக்கத்திலோ, பின்னாலோ வரக்கூடாது. வந்தால் அந்த மாணவர் அதே இடத்தில் வேனில் ஏற்றப்படுவார். ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கும் இதேதான். சைக்கிளை ஓரங்கட்டி நிறுத்தி இறங்க வேண்டுமா என்பதைப் பிள்ளையும் உடன் வரும் ஆசிரியரும் முடிவு செய்வார்கள். தொலைபேசியில் யாரும் முடிவு செய்ய முடியாது.

கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மனம் கேட்காமல்தான் பின்னாலேயே வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அன்று வேனின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நானே எத்தனை முறை எட்டி எட்டிப் பார்த்தேன் என்று ஓட்டுநரைக் கேட்டால் சொல்வார். பார்க்க ஆசைப்படுபவர்கள் 20, 40ஆவது கிலோமீட்டர் நிறுத்தங்களில் காத்திருக்கலாம். தண்ணீரையும் அங்கேயே, பிள்ளைகள் கால் ஊன்றி நின்ற பிறகு கொடுக்கலாம். அந்த இரண்டு இடங்களிலும் கைதட்ட ஆள் வேண்டும்.

விடியற்காலையில் எழுந்து பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விட்டவர்களுக்கும், பழைய சைக்கிள்களுக்கு பிரேக் கட்டையும் செயினும் மாற்றிக் கொடுத்த தகப்பனார் ஒருவருக்கும் (பெயர் போட வேண்டாம் என்றார்) மனமார்ந்த நன்றி. இணைத்துள்ள ஒப்புதல் சீட்டில் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்