மலையாற்றைப் படம் எடுக்கப் போகும் பாப்பாவுக்கு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. ரங்கூனில் எல்லாரும் நலம், தண்ணீர்த் திருவிழா முடிந்தும் வெயில் கொளுத்துகிறது. பனி உருக ஆரம்பித்துவிட்டது, கனடாவில் பான்ஃப் பக்கம் மலையாற்றைப் படம் எடுக்கப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அத்தனை வருஷம் ஸ்டூடியோவில் நின்றவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் கரை. ஓரத்தில் உறைந்து நிற்கும் பனித்தட்டு மேலே கெட்டியாகத் தெரியும், ஆனால் அடியில் ஓடும் தண்ணீர் அதை அரித்து வெறும் கூடாக்கி வைத்திருக்கும். நல்ல கோணம் கிடைக்கிறதே என்று நுனிவரை போகாதே அம்மா. மண்ணோ பாறையோ கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று நீள லென்ஸைப் போட்டுக்கொள். காலையில் தாண்டிய ஓடையைச் சாயங்காலம் தாண்டலாம் என்றும் நம்பாதே, பகல் வெயிலில் மேலே உருகிய தண்ணீர் கீழே வந்து சேரப் பிற்பகலாகிவிடும், அப்போதுதான் ஆறு ஏறும்.

அந்த ஏறுகிற ஆற்றைத்தான் நீ எடுக்க வேண்டும். எல்லாரும் ஷட்டரை ஒரு விநாடி திறந்து வைத்துத் தண்ணீரைப் பால் மாதிரி ஆக்கிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை. பனிக்கட்டியை உருட்டிக்கொண்டு, மரக்கிளையை இழுத்துக்கொண்டு, கலங்கிப் பழுப்பாக வருகிற ஆறு அது, அந்த வேகம் படத்தில் இருக்க வேண்டாமா? ஷட்டரை 1/1000 விநாடிக்கு வைத்துப் பார், தெறிக்கிற துளி ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். அப்புறம் ஸ்டாண்டில் வைத்து 1/15க்கு இறக்கு, பாறை அசையாமல் நிற்கத் தண்ணீர் மட்டும் கோடாக இழுபடும். எல்லாரும் எதிர்பார்க்கிற நீலப்பச்சை இப்போது வராது, பனியாறு அரைத்த கல்மாவு கோடையில் கலந்து வரும்போதுதான் அந்த நிறம். அதனால் கம்ப்யூட்டரில் நீலம் ஏற்றாதே.

பனி நிறையத் தெரிந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 அல்லது +1.5 கூட்டிக்கொள். ஸ்பேர் பாட்டரி உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் இருக்கட்டும். ரூமுக்குள் நுழையும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் மூடு, இல்லாவிட்டால் லென்ஸ் வேர்த்துவிடும்.

பனி உருகுவதில் எடுக்க என்ன இருக்கிறது என்று உன் அம்மா கேட்டாள். நம் ஐராவதி பிப்ரவரியில் இறங்கிக் கிடந்து, பெருமழைக்கு முன்பே ஏப்ரல், மே மாதத்தில் ஏறுகிறதே, அதுவும் வடக்கே கச்சின் மலைப்பனி உருகித்தான் என்றேன். இப்போது அவளும் படத்துக்குக் காத்திருக்கிறாள். தனியாகப் போகாதே, யாரையாவது கூட அழைத்துக்கொள். போனில் அனுப்பினால் சுருங்கி வருகிறது, மெயிலில் மூலப்படத்தையே அனுப்பு, சரியாக வராததையும் சேர்த்து.

அப்பா